வில்லையின் மறுபக்கம்

காலை பதினோரு மணி பத்து நிமிடத்துக்குத் திரையில் பதினாலாம் வரி பச்சையானது.

அன்றைக்கு யாருக்கும் வில்லை ஒட்டவில்லை. இருபது வரிகளும் சாம்பல் நிறத்தில், எண் வரவேண்டிய இடத்தில் சின்னக் கோடுகளோடு, விடுமுறை நாள் வகுப்பறை மாதிரி கிடந்தன. ஏசி மட்டும் தன் பாட்டுக்கு முனகிக்கொண்டிருந்தது. நடுவில் பதினாலுக்கு மட்டும் கோடு போய் 37.4 என்று வந்து நின்றது. அவள் கண்ணை இறுக மூடித் திறந்தாள். எண் அப்படியே இருந்தது.

உடம்பின் ஆழத்துச் சூட்டைத் தோலின் மேலிருந்தே அளக்கும் வில்லைகளைச் சோதிக்கும் அலுவலகம் அது. ஊசி வேண்டாம், உள்ளே விடும் குழாய் வேண்டாம். நெஞ்சில் ஒரு வெள்ளை வில்லை ஒட்டினால் போதும், பெரிய கோட்டுப் பித்தான் அளவுதான் இருக்கும். அதற்கு இரண்டு கண். ஒன்று தோலைப் பார்க்கும், மற்றது காற்றைப் பார்க்கும், நடுவே மெல்லிய பஞ்சு. உள்ளிருந்து வரும் சூடு அந்தப் பஞ்சைத் தாண்டி எவ்வளவு கசிகிறது என்று தெரிந்தால், ஆழத்தில் எவ்வளவு கொதிக்கிறது என்று கணக்குப் போட்டுவிடலாம். தோலை நம்பாதீர்கள், வேர்த்தால் அது குளிர்ந்து காட்டும், ஆழத்தை மட்டும் நம்புங்கள் என்று புதிதாக வருகிறவர்களுக்கு அவள் பாடம் எடுப்பாள். நன்றாகத்தான் எடுப்பாள், இரண்டு மாதத்துக்கு முன்புவரை.

பதினாலாம் வில்லை அவள் தம்பியுடையது. தம்பி போய் இரண்டு மாதம் ஆகிறது.

"பதினாலு வந்திருக்கே?"

பின்னால் நின்றவர் கணக்குச் சூத்திரம் எழுதுகிறவர். அலுவலகத்தில் எல்லோருக்கும் அவர் தசமம். புள்ளி வைக்காமல் அவர் வாயிலிருந்து ஓர் எண்ணும் வராது.

"பழைய எண்ணா இருக்கும்," என்றாள்.

"பழைய எண் வர வாய்ப்பே இல்லையே. கடைசியா வந்த நல்ல எண்ணைப் பிடிச்சு வச்சுக் காட்டுற வேலையை, அந்தச் சம்பவத்துக்கு அப்புறம் நானே எடுத்துட்டேன். இப்ப வர்றது எல்லாம் அளந்து வர்றது." அவர் குனிந்து திரையைப் பார்த்தார். "அந்த வில்லை தொலைஞ்சு போச்சுன்னுதானே அறிக்கையில எழுதினீங்க?"

"ஆமா."

"பேட்டரியும் நாலு புள்ளி அஞ்சு நாள்தான் தாங்கும்." அவர் மூக்கைச் சொறிந்தார். "சிக்னல் பத்து மீட்டர் தாண்டாது. அப்போ இந்த அறைக்குள்ளதான் எங்கயோ இருக்கு."

சொன்னதோடு நிற்காமல் மேசைகளுக்கு அடியில் குனிந்து தேட ஆரம்பித்துவிட்டார், நல்ல மனிதர். அவள் தன் கைப்பையைக் காலால் மெல்ல நாற்காலிக்கு அடியில் தள்ளினாள். வில்லை அதற்குள்தான் இருந்தது, ஜிப் போட்ட உள்ளறையில். மருத்துவமனையிலிருந்து வந்த அன்றிலிருந்து அங்கேதான் இருக்கிறது. அதை எறிய மனம் வரவில்லை, வெளியே எடுத்துப் பார்க்கத் துணிவும் வரவில்லை.

அவர் அடுத்த அறைக்கு நகர்ந்ததும் பையைத் திறந்து விரலை விட்டாள். வில்லை சில்லென்று இருந்தது. திருப்பிப் பிடித்தபோது மறுபக்கம் விரலில் பட்டது. அது சில்லென்று இல்லை. இப்போதுதான் யாரோ எழுந்து போன நாற்காலிபோல் வெதுவெதுப்பாக இருந்தது.

தலை வலிக்கிறது என்று சொல்லிவிட்டு, கையடக்க ரிசீவரைப் பைக்குள் போட்டுக்கொண்டு கிளம்பினாள்.

*

தம்பிக்கு ஒட்டகம் என்று பேர் வைத்தது அவள்தான். ஆள் நெடுநெடுவென்று உயரம், நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்க மறந்துவிடுவான். இத்தனைக்கும் அவன் வேலை கண்ணாடி பாட்டில் தொழிற்சாலையில், உலைக்கு முன்னால். உருகிய கண்ணாடி ஆரஞ்சு நிறத்தில் சொட்டும் இடத்தில் எட்டு மணி நேரம் நிற்பான். வீட்டுக்கு வந்ததும் சட்டைகூடக் கழற்றாமல் அவளிடம் வந்து, அவள் இரண்டு உள்ளங்கையையும் பிடித்துத் தன் பிடரியில் வைத்துக்கொள்வான். நாள் முழுக்க ஏசியில் இருக்கும் கை, எப்போதும் ஜில்லென்று இருக்கும். "நீ அக்கா இல்ல, ஃப்ரிட்ஜ்," என்பான். "ஏசி அறையில உக்காந்து சூடு அளக்கிற ஆளுங்க. சூடு அளந்தாச்சு சரி, சொரணை அளக்க மிஷின் எப்ப வரும்?" அப்பா தையல் மெஷினை நிறுத்திவிட்டுச் சிரிப்பார்.

தொழிற்சாலையில் இருபது பேருக்கு வில்லை ஒட்டிச் சோதிக்க அனுமதி கிடைத்தபோது அவனையும் சேர்த்தாள். அவனுக்குத்தான் முதலில் பயன்படட்டும் என்ற ஆசை. யாருடைய ஆழமாவது முப்பத்தெட்டரையைத் தாண்டினால் வரி சிவப்பாகும், உடனே ஆளை வெளியே இழுத்துவிடலாம். அதற்குமுன் எத்தனை நாள் அப்பாவும் அவளும் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு அவன் வருகைக்குக் காத்திருந்தார்கள். இனிமேல் அது வேண்டாம் என்று நினைத்தாள். அன்று காலை கிளம்பும்போது அப்பா அவனிடம் ஒன்றுதான் சொன்னார்: "டேய், அக்கா ஒட்டுறதை அரிக்குது கிரிக்குதுன்னு பிச்சு எறிஞ்சிடாத."

அந்த முதல் தயாரிப்பு வில்லைகளில் ஒரு குறை இருந்தது. இரண்டு பக்கமும் வெள்ளை, இரண்டு பக்கமும் பசை. ஒரு பக்கத்தில் கரும்புள்ளி, மறுபக்கத்தில் எண். புள்ளி உள்ளே, எண் வெளியே. இருபது பேருக்கும் அவளே ஒட்டினாள், அரை மணி நேரத்தில். கடைசியில் அவன். சட்டையைத் திறந்துகொண்டு, "மெதுவாக்கா, நெஞ்சு முடி போச்சுன்னா எவ பொண்ணு குடுப்பா?" என்று இளித்தான். அவளும் சிரித்துக்கொண்டே ஒட்டினாள்.

தலைகீழாக ஒட்டினாள்.

உடை மாற்றும் அறை உலைக்குப் பக்கத்தில் இருந்தது. அங்கே தோலின் சூடும் காற்றின் சூடும் ஏறக்குறைய ஒன்றுதான். இரண்டு கண்ணும் ஒரே சூட்டைப் பார்க்கும்போது எப்படி ஒட்டினாலும் எண் சரியாகவே வரும். 37.4, பச்சை. அவன் உலைக்கு முன்னால் போய் நின்றதும் தலைகீழ் வில்லை அனலைத் தோல் என்று நினைத்துக்கொண்டு ஐம்பது, அறுபது என்று உளறியது. உளறலைக் காட்டக் கூடாது, கடைசியாக வந்த நல்ல எண்ணைப் பிடித்து வைத்துக் காட்டு என்று சூத்திரத்துக்குச் சொல்லியிருந்தார்கள். அது சொன்னபடி செய்தது. மூன்றரை மணி நேரம் பதினாலாம் வரி 37.4 என்று பச்சையாக நின்றது. தொழிற்சாலையிலேயே, கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம், சோதனைக்காக ஒதுக்கிய குளிர்ந்த அறையில், அவள் அதைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டாள்.

இரண்டு மணி நாற்பதுக்கு அவன் விழுந்தான். மருத்துவமனையில் அளந்தபோது நாற்பத்தொன்று புள்ளி ஒன்பது.

உடம்பை ஒப்படைக்கும் முன் ஐந்து நிமிடம் அவளைத் தனியாக விட்டார்கள். வில்லையை அவள்தான் உரித்தாள். கரும்புள்ளி அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது. உரித்த இடத்தில், அவன் நெஞ்சில், மை ஊறி இடம்வலம் மாறிய ஒரு பதினாலு பதிந்திருந்தது. அவள் கைக்குட்டையை எச்சிலில் நனைத்து அதைத் துடைத்தாள். அது போகவில்லை. இன்னும் அழுத்தித் துடைத்தாள். வாழ்நாளில் அவள் செய்த காரியங்களிலேயே அதை நினைத்தால்தான் அவளுக்கு உடம்பு கூசும்.

வில்லை கழன்று தொலைந்துவிட்டது என்று எழுதிக் கொடுத்தாள். அவனே பிய்த்து எறிந்திருப்பான் என்று தொழிற்சாலையில் பேசிக்கொண்டார்கள். அப்பாவும் நம்பினார். நம்பி, செத்துப்போன மகன்மேல் கோபமாக இருக்கிறார். அழ வேண்டிய மனிதர் இரண்டு மாதமாகப் பல்லைக் கடித்துக்கொண்டு தைக்கிறார். "சொன்ன பேச்சை ஒரு நாளாவது கேட்டானா?" என்பார் திடீரென்று, ஊசியில் நூல் கோக்கும்போது. அவள் எழுந்து உள்ளே போய்விடுவாள்.

*

வீட்டுக்கு வந்தபோது பன்னிரண்டே கால். நல்ல வெயில், எல்லா ஜன்னலும் திறந்திருந்தது, தெருவில் யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார்கள். முன்னறையில் அப்பாவின் மெஷின் டகடகவென்று ஓடிக்கொண்டிருந்தது. இஸ்திரிப் பெட்டியின் அடியில் சூடான பருத்தி வாசனை.

"என்னம்மா, சீக்கிரமே வந்துட்ட?"

"தலைவலிப்பா."

"முகமே சரியில்ல. போய்ப் படு."

அறைக் கதவைச் சாத்தி, கட்டிலில் ரிசீவரை வைத்தாள். சின்னத் திரையிலும் அதேதான், பதினாலு, 37.4, பச்சை. இரண்டு கண்ணையும் தனித்தனியாகக் காட்டும் பக்கத்துக்குப் போனாள். அங்கேயும் மேல்வரியில் 37.4 பச்சையாகவே நின்றது. புள்ளிப் பக்கம் அறைச் சூட்டைக் காட்டியது. எண் பக்கம் முப்பத்தாறைக் காட்டியது. அதற்குமேல் கைப்பையின் துணி மட்டுமே இருந்தது. அவள் வில்லையை எடுத்து மேசையில், எண் மேலே தெரிய வைத்தாள். அதற்குமேல் இப்போது காற்றைத் தவிர ஒன்றும் இல்லை. முப்பத்தாறு குறையவில்லை.

எண் பக்கம்தான் அவன் தோலில் ஒட்டியிருந்த பக்கம்.

ஒரு காகிதத்தில் கணக்கைத் தலைகீழாகப் போட்டாள். எண் பக்கத்தைத் தோல் என்று வைத்து, புள்ளிப் பக்கத்தைக் காற்று என்று வைத்து. அன்றைக்கே இப்படி ஒரு தடவை போட்டுப் பார்த்திருக்கலாம், அரை நிமிட வேலை. விடை 38.3 என்று வந்தது. பத்து நிமிடம் கழித்து மறுபடி போட்டாள். 38.6. மணியைப் பார்த்தாள். பன்னிரண்டு நாற்பது. இன்று வரி பச்சையான அதே பதினொன்று பத்துக்குத்தான் அன்று அவன் வேலைக்கு இறங்கினான் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

வில்லை அந்த நாளை மறுபடியும் அளந்துகொண்டிருந்தது. இந்தத் தடவை சரியாக.

இரண்டு நாற்பதுக்கு என்ன எண் வரும் என்று அவளுக்குத் தெரியும். அதற்குமேல் அவள் யோசிக்கவில்லை, பயப்படக்கூட இல்லை, தம்பிக்குச் சூடு ஏறுகிறது என்ற ஒன்றைத் தவிர மனதில் வேறு ஒன்றும் நிற்கவில்லை. சமையலறைக்கு ஓடி ஃப்ரிட்ஜைத் திறந்து மேல்தட்டில், பனிக்கட்டித் தட்டுக்குப் பக்கத்தில் வில்லையை வைத்து மூடினாள். குளிர்ந்த கதவில் நெற்றியைச் சாய்த்து நின்றபடி ரிசீவரைப் பார்த்தாள். புள்ளிப் பக்கம் மடமடவென்று இறங்கியது, இருபது, பதினாலு, எட்டு. கணக்குப் போட்டாள். 39.1.

காற்று குளிர்ந்தால் ஆழம் குளிராது. வெளியே என்ன நடந்தாலும் ஏமாறாமல் ஆழத்தைச் சொல்வதற்காகத்தானே அதைச் செய்தது. அவளே எத்தனை கூட்டத்தில் பெருமையாகச் சொல்லியிருக்கிறாள்.

வெளியே எடுத்தபோது புள்ளிப் பக்கம் உறைந்திருந்தது. எண் பக்கத்தில் முத்து முத்தாக ஈரம். ஃப்ரிட்ஜின் ஈரம் என்று நினைத்துத் துடைத்தாள். உடனே மறுபடி துளிர்த்தது. வெதுவெதுப்பான ஈரம். விரலை நாக்கில் வைத்தாள். உப்பு. சூடான துணியும் இரும்பும் வேர்வையும் கலந்த ஒரு வாசனை, தினமும் சாயங்காலம் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வரும் வாசனை, சமையலறை முழுக்கப் பரவியது. இரண்டு மாதமாக அந்த வீட்டில் இல்லாத வாசனை. அவளுக்கு அழுகை பொங்கியது. சேலை முந்தானையால் வில்லையைப் பொத்திக்கொண்டு, "இருடா, இருடா, இதோ," என்று என்னென்னவோ சொன்னாள்.

ஒன்று பதினைந்து.

ஒன்று பதினைந்துக்கு நடந்ததை அவள் யாரிடமும் சொன்னதில்லை. அறிக்கையிலும் இல்லை, அப்பாவிடமும் இல்லை, தனக்குள்ளேயேகூட அதை முழுசாகச் சொல்லிப் பார்த்ததில்லை. அன்று ஒன்று பதினைந்துக்கு அவன் வந்தான். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் நின்று விரலால் தட்டினான். முகம் வெளுத்திருந்தது. கதவை ஒரு சாண் திறந்தாள்.

"என்னமோ பண்ணுதுக்கா. உள்ள எரியுது."

அவள் அவனைப் பார்க்கவில்லை. திரையைப் பார்த்தாள்.

"பச்சையாத்தான் இருக்குடா. முப்பத்தேழு புள்ளி நாலு. உனக்கு ஒண்ணும் இல்ல."

"கொஞ்சம் உள்ள வந்து உக்காந்துக்கவா?"

"நடிக்காத, எல்லாரும் பாக்குறாங்க. அக்கா கம்பெனின்னு சலுகை எடுத்துக்கிறான்னு பேசுவாங்க. போடா."

அவன் கையைக் கதவிடுக்கில் நீட்டினான். அவள் உள்ளங்கைக்காக. அவள் கையில் பேனா இருந்தது. கதவைச் சாத்தினாள். அவன் இரண்டு விரலைத் தூக்கிச் சலாம் போட்டுவிட்டுப் போனான்.

இப்போது சமையலறைக் கண்ணாடி ஜன்னலில், விரல் கணுவால், இரண்டு தட்டு.

அவள் திரும்பவில்லை.

மறுபடி இரண்டு.

முன்னறையில் மெஷின் ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஜன்னலுக்கு அந்தப் பக்கம் வெயில் காயும் வெற்றுச் சந்து மட்டும்தான் இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும் திரும்ப முடியவில்லை. கையிலிருந்த வில்லையின் ஈரம் குறைந்துகொண்டே வந்தது. பிறகு நின்றது. எண் பக்கம் காய்ந்து, தொட்டால் சொரசொரவென்று, காகிதம் மாதிரி ஆனது. வேர்வை நின்றுவிட்டால் என்ன அர்த்தம் என்று படித்தவள் அவள். உடம்பு கைவிட ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம்.

காகிதத்தை எடுத்தாள். கணக்குப் போட்டாள். 40.4.

*

குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டாள். மேலே குழாயைத் திறந்தாள், தண்ணீர் பூவாகக் கொட்டியது. ரிசீவரைச் சோப்புத் தட்டில் வைத்தாள். வில்லைமேல் தண்ணீரை ஊற்றினாள், பக்கெட்டில் முக்கினாள். 40.7. எதுவும் அந்தப் பக்கம் போய்ச் சேரவில்லை. தண்ணீரெல்லாம் இந்தப் பக்கத்திலேயே நின்றது.

முகத்தில் விழுந்த முடியை ஒதுக்கும்போது கண்ணாடியில் தன்னைப் பார்த்தாள். நனைந்த ரவிக்கையின் கழுத்துக்குக் கீழே, நெஞ்சில், கறுப்பாக ஏதோ. கொக்கியை நீக்கினாள். கண்ணாடியில் தெளிவாகப் படிக்க முடிந்தது: 14. குனிந்து நேராகப் பார்த்தாள். தோலில் அது இடம்வலம் மாறியிருந்தது. அவள் எச்சில் தொட்டுத் துடைத்த அதே மை. அழுத்தித் துடைத்ததில் இழுபட்ட அதே கீற்றுகூட.

எங்கே ஒட்ட வேண்டும் என்று வில்லையே அவளுக்கு அடையாளம் போட்டுக் கொடுத்திருந்தது.

அன்றைக்கு அவன் கேட்டது உள்ளங்கை அளவு குளிர்ச்சி. அவ்வளவுதான் கேட்டான். அவள் அதற்குமேல் தயங்கவில்லை. எண் உள்ளே, புள்ளி வெளியே. தன் கையாலேயே, தெரிந்தே, தலைகீழாக ஒட்டினாள்.

முதலில் ஒன்றும் இல்லை. பிறகு ஒரு நெஞ்சு வந்து அவள் நெஞ்சோடு சாய்ந்தது. கனமான, எலும்பு துருத்திய, உயரமான நெஞ்சு. அதன் சூடு வில்லையின் அகலத்தில் உள்ளே இறங்க ஆரம்பித்தது. கொதிக்கும் பாலைக் குடித்ததுபோல் முதலில் தொண்டைக்குக் கீழே, பிறகு விலாவுக்குள், பிறகு வயிற்றில். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு ரிசீவரைப் பார்த்து மனக்கணக்குப் போட்டாள். 40.7. 40.5. இறங்குகிறது. இறங்குகிறது! 39.8.

"எடுத்துக்கடா," என்றாள். "எவ்வளவு வேணுமோ எடுத்துக்க."

நாக்கு வறண்டு மேலண்ணத்தில் ஒட்டியது. தலைமேல் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. அது படுவது தெரிந்தது, குளிர்வது தெரியவில்லை.

மணி இரண்டைத் தாண்டியபோது முன்னறையில் மெஷின் நின்றது. செருப்புச் சத்தம். கதவில் தட்டு.

"அம்மாடி? எவ்வளவு நேரமாத் தண்ணி ஓடுது. உடம்புக்கு என்ன?"

இப்போது சொல்லாவிட்டால் எப்போதும் சொல்ல முடியாது என்று அவளுக்குப் பட்டது. சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்பா. அவன் பிச்சு எறியல."

"என்னம்மா?"

"வில்லையை அவன் பிச்சு எறியல. நான்தான் தலைகீழா ஒட்டுனேன். எறிஞ்சுட்டான்னு எல்லாரும் சொன்னப்ப வாயை மூடிக்கிட்டு இருந்தேன். நடுவுல என்கிட்ட வந்தான்ப்பா. உள்ள எரியுதுன்னு சொன்னான். நான் திரையைப் பாத்துட்டு, போடான்னு அனுப்பிச்சேன்."

கதவுக்கு அந்தப் பக்கமிருந்து அப்பாவின் குரல் வந்தது. இரண்டு மாதத்தில் முதல்முறையாக அது உடைந்திருந்தது.

"அப்ப பிச்சு எறியலையா அவன்?"

"இல்லப்பா."

"கடைசிவரைக்கும் நெஞ்சிலதான் இருந்துச்சா?"

"ஆமாப்பா."

"என் பேச்சைக் கேட்டிருக்கான்," என்றார் அப்பா. "கேட்டிருக்கான்டா என் புள்ள." பிறகு கதவில் தலை சாயும் சத்தம். பிறகு அழுகை. பெரிய அழுகை, அடக்கி வைத்திருந்தது மொத்தமும்.

அவள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு தாழை நீக்க நகர்ந்தாள். அப்போதுதான் தரையைப் பார்த்தாள்.

தரை முழுக்கத் தண்ணீர். அவள் பாதத்துக்கு எதிரே, விரலோடு விரல் முட்டுகிற மாதிரி, இரண்டு இடம் மட்டும் காய்ந்திருந்தது. நீளமான, அகலமான இரண்டு பாதங்களின் அளவுக்கு. தண்ணீர் சுற்றிக்கொண்டு ஓடியது. உள்ளே போகவில்லை.

தாழை நீக்கிவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

அப்பா உள்ளே வந்தார். தோளில் அளவு நாடா, கண் சிவந்திருந்தது. தண்ணீரிலேயே மண்டியிட்டு, அவள் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டார். திட்டவில்லை. அவள் எதிர்பார்த்த ஒரு வார்த்தையும் அவர் சொல்லவில்லை.

"விடும்மா. விடு. தெரிஞ்சா செஞ்ச?"

ஒரே ஒரு நொடி அவள் மனசு குளிர்ந்தது. பிறகு உள்ளே இருந்தது மேலும் ஒரு படி ஏறியது. கண்ணுக்குப் பின்னால். நாக்கின் அடியில். எலும்புக்குள். அவனிடம் இறங்கியது அத்தனையும் அவளிடம் ஏறியிருந்தது. இன்னும் நிற்கவில்லை.

"அப்பா. உள்ள எரியுது."

அப்பா பதறிப்போய்ப் புறங்கையை அவள் நெற்றியில் வைத்தார். கழுத்தில் வைத்தார். நனைந்த தோல், ஜில்லென்று இருந்திருக்கும்.

"சூடே இல்லையேம்மா."

"எரியுதுப்பா. உள்ள."

அவர் சுற்றும் முற்றும் பார்த்தார். சோப்புத் தட்டில் ரிசீவர் ஒளிர்ந்தது. நெற்றியில் ஏற்றி வைத்திருந்த கண்ணாடியை இறக்கி, கையை நீட்டித் தள்ளிப் பிடித்து, எழுத்துக் கூட்டுகிறவர்போல் நிதானமாகப் படித்தார்.

"முப்பத்தேழு புள்ளி நாலு. பச்சையாத்தான்மா இருக்கு." நிம்மதியாக அவள் கன்னத்தைத் தட்டினார். "உனக்கு ஒண்ணும் இல்ல."

அவள் வாயைத் திறந்தாள். குரல் வரவில்லை. திரையின் மூலையில் மணி இரண்டு முப்பத்தொன்பதிலிருந்து நாற்பதுக்கு மாறியது. அவள் உடம்பில் வேர்வை நின்றிருந்தது. அப்பாவின் தோளுக்கு மேலே, குழாயிலிருந்து கொட்டிய தண்ணீர் ஓரிடத்தில், நெடுநெடுவென்று ஓர் ஆள் உயரத்தில், இரண்டாகப் பிரிந்து வழிந்து, தரைக்கு வரும் முன்பே காய்ந்துகொண்டிருந்தது. அங்கிருந்து அவளை நோக்கி, ஒன்றுமில்லாத காற்றிலிருந்து, ஓர் உள்ளங்கை நீண்டு வந்து அவள் பிடரியில் படிந்தது.

அது ஜில்லென்று இருந்தது.